மாட்டத் தெரிந்தவன் கழற்றட்டும்

எங்கள் தொழிலில் கூலி மாட்டுவதற்குத்தான். நூறு வருஷத்துக்கு முந்தைய இரட்டைக் குழல் துப்பாக்கியை, திருப்புளி பிடிக்கத் தெரிந்த யாரும் சிறிது நேரத்தில் உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் போட்டுவிடலாம். துடைத்து, எண்ணெய் போட்டு, அதே உறுப்புகளை அதே இடத்தில் திரும்ப உட்கார வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எல்லாம் சேர்ந்த பிறகு குதிரை, அதாவது சுத்தியல், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் மறுநாளும் அதே வேலைதான். இந்த அலுப்புக்குக் காரணம் இருக்கிறது. அது தெரிந்தால், வீட்டில் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் கையாளும் விதமே மாறும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் காவல்துறை ஆயுதப்படையில் ஆர்மரராக வேலை பார்த்தவன். ரைபிள்களைப் பிரிப்பது, துடைப்பது, அளவு பார்ப்பது, சேர்ப்பது என்றே பணிக்காலம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு மதுரையில் லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையின் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்தேன். அங்கே எனக்கு முன்பிருந்தே வேலை செய்துவந்த மூத்த மேஸ்திரி ஒருவரிடம்தான் இங்கிலீஷ் துப்பாக்கியின் லாக், அதாவது குதிரையை ஏற்றி இறக்கும் பொறியின் வேலையைக் கற்றுக்கொண்டேன். அவர் இப்போது இல்லை. அவரிடம் கற்றதைத்தான் இங்கே பெரும்பாலும் சொல்கிறேன்.

எங்கள் மேசைக்கு வருகிற துப்பாக்கிகளில் முக்கால்வாசி மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பங்களுடையவை. தாத்தா காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கோ வீட்டுப் பாதுகாப்புக்கோ வாங்கிய லைசென்ஸ்; அப்பா பேருக்கு மாறி, இப்போது மகன் பேரில் நிற்கும். குழலின் மேல் பட்டையைத் துடைத்தால் பர்மிங்ஹாம் கம்பெனியின் பேர் தெரியும்: டபிள்யூ. டபிள்யூ. கிரீனர், வெப்ளி அண்ட் ஸ்காட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ். சிலவற்றில் விற்ற கடையின் பேர் இருக்கும்: கல்கத்தா மாண்டன், கல்கத்தா ரோடா. 1914இல் வங்காளப் புரட்சியாளர்கள் மவுசர் பிஸ்டல் பெட்டிகளைக் கடத்திக்கொண்டு போனார்களே, அதே ரோடா கம்பெனிதான்.

இவை எங்களிடம் வருவதற்கு இரண்டு பருவங்கள் உண்டு. ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்ததும். மற்றது, தேர்தல் முடிந்ததும். தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். வாரக்கணக்கில் எண்ணெய் படாமல், உறைக்குள்ளேயே கிடந்து திரும்பி வரும். 2019 டிசம்பர் கடைசியில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மழை ஈரம் முழுதாகக் காயாத மாதம் அது. அந்தத் தேர்தலுக்குப் பிறகு வந்த துப்பாக்கிகளில் குழலின் வெளிப்புறம் மட்டும் அல்லாமல் லாக்குக்குள்ளும் செம்பொடி படிந்திருந்தது. அப்படி வந்தால் வெளியே துடைத்துக் கொடுத்து அனுப்ப முடியாது. கடைசித் திருகு வரை கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றினால் மாட்டுவது ஏன் இவ்வளவு பாடு என்பதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. 1857 கிளர்ச்சியோடு சேர்த்துப் பேசப்படும் கொழுப்புத் தடவிய தோட்டா, 1853 மாடல் என்ஃபீல்டு ரைபிளுக்கானது. அந்த ரைபிளைச் செய்வதற்காகவே இங்கிலாந்து அரசு 1850களில் அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களை வரவழைத்து என்ஃபீல்டு தொழிற்சாலையில் நிறுவியது. ஒரு துப்பாக்கியின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் போட்டாலும் பொருந்த வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம். ராணுவத் துப்பாக்கி அந்தப் பாதையில் போனது. வேட்டைத் துப்பாக்கி போகவில்லை. பர்மிங்ஹாமில் குழல் செய்பவர் ஒருவர், லாக் ராவுபவர் ஒருவர், கட்டை செதுக்குபவர் ஒருவர், திருகு கடைபவர் இன்னொருவர். வுல்வர்ஹாம்ப்டன் ஜோசப் பிரேசியரின் பட்டறையில் செய்த லாக்குகளை எத்தனையோ பேர்பெற்ற கம்பெனிகள் வாங்கித் தங்கள் துப்பாக்கியில் பொருத்தின. கடைசியில் ஒரு கைவினைஞர் எல்லாவற்றையும் அரத்தால் ராவி, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிறவரைக்கும் இழைத்துச் சேர்ப்பார்.

அதனால் இந்தத் துப்பாக்கி ஒவ்வொன்றின் உறுப்பும் அந்தத் துப்பாக்கிக்கு மட்டுமே உரியது. வலது லாக்கின் உறுப்பு இடது லாக்குக்குச் சேராது. ஒரே லாக்கில் ஒரே நீளமுள்ள இரண்டு திருகுகளை இடம் மாற்றிப் போட்டாலும் சேராது. மரை பிடிக்கும், உள்ளே போகும், ஆனால் முகப்பு சரியாக வந்து நிற்காது. நல்ல துப்பாக்கியில் திருகை முழுதாக இறுக்கியதும் அதன் தலைவெட்டு குழலின் போக்கிலேயே நேராக வந்து நிற்க வேண்டும். அப்படி நிற்கும்படிதான் செய்தவர் ராவியிருப்பார். தலைவெட்டு கோணலாக நின்றால் அந்தத் திருகு வேறு ஓட்டைக்குரியது, அல்லது உள்ளே ஏதோ ஒன்று முழுதாக உட்காரவில்லை. இதைக் கண்டுகொள்ளாமல் இன்னும் கால் சுற்று அழுத்தி முறுக்கினால் நூறு வருஷத்து மரை அங்கேயே அறுந்து போகும்.

இதற்காக எங்கள் மேஸ்திரி பல்லாங்குழிப் பலகை ஒன்றை மேசையில் வைத்திருந்தார். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. மேல் வரிசை வலது லாக்குக்கு, கீழ் வரிசை இடது லாக்குக்கு. கழற்றுகிற வரிசையிலேயே இடமிருந்து வலமாக ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு உறுப்பு, அதன் திருகோடு. மாட்டும்போது வலமிருந்து இடமாகத் திரும்பி வர வேண்டும். பலகை மேல் துணி போட்டு மூடாமல் மேசையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இப்போது நான் கைபேசியில் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் பல்லாங்குழியை விடவில்லை. படம் உறுப்பின் முகத்தைக் காட்டும். எது எதற்கு முன்னால் கழன்றது என்பதைப் பலகைதான் சொல்லும்.

திருப்புளியும் அந்தந்தத் திருகுக்கு உரியதாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் திருப்புளியின் முனை ஆப்பு வடிவத்தில் சரிந்து வரும். இந்தத் துப்பாக்கிகளின் தலைவெட்டு தாள் கனமே இருக்கும், பக்கங்கள் நேராக இருக்கும். சரிந்த முனை மேலோடு பிடித்து, வழுக்கி, தலைவெட்டைச் சிதைத்து, பக்கத்திலிருக்கும் செதுக்கு வேலையையும் கீறிவிடும். ஒவ்வொரு திருகுக்கும் ஏற்றபடி முனையைச் சாணையில் நேராகத் தேய்த்து எடுத்துக்கொள்வோம். எங்கள் மேசை இழுப்பறையில் இருப்பதில் பாதி இப்படித் தேய்த்த திருப்புளிகள்தான்.

சுத்தம் செய்வது ஒப்பிட்டால் எளிது. மேசைக்கு வந்ததும் முதலில் குழலைத் திறந்து தோட்டா இல்லை என்று கண்ணால் பார்ப்போம். கொண்டுவந்தவர் ‘ஒண்ணும் இல்லண்ணே’ என்று எத்தனை முறை சொன்னாலும் பார்ப்போம். குழலுக்குப் பித்தளை பிரஷ், மெல்லிய ஃபிளானல் துணி, பிறகு எண்ணெய். அந்தக் காலத்தில் ரங்கூன் ஆயில். இப்போது கிடைக்கிற நல்ல மெஷின் ஆயில். சிரமம் கொடுப்பது வீட்டில் போட்டிருக்கும் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், சமையலறையில் எது கைக்கு வந்ததோ அது. நம் ஊர்ப் புழுதியோடு சேர்ந்து சித்திரை வெயிலில் காய்ந்து வேப்பம் பிசின் மாதிரி கெட்டிப்பட்டு லாக்குக்குள் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். ஊறி வந்த உறுப்புகளைத் துணியில் துடைத்து வரிசையாக வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். எங்கள் வேலை அதற்கு மேல்தான் ஆரம்பம்.

மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒருநாள் கடைக்கு வந்தார். லைசென்ஸ் புத்தகத்தை முதலில் மேசையில் வைத்தார். பிறகு குழலையும் கட்டையையும் வைத்தார். கடைசியாக ஒரு மஞ்சப்பையை வைத்தார். பைக்குள் இரண்டு லாக்கும் முழுதாகப் பிரிந்து கிடந்தன.

“தம்பி, பேரன் லீவுக்கு வந்திருந்தான். தொடைச்சு வைக்கிறேன் தாத்தான்னு போனைப் பாத்துக்கிட்டே கழட்டிப்புட்டான். இப்ப மாட்டத் தெரியலைங்கிறான்.”

“எல்லாச் சாமானும் இருக்காங்கய்யா?”

“ஒண்ணு விடாமப் பொறுக்கிக் கொண்டாந்திருக்கேன். எங்க அப்பாரு வச்சிருந்தது. எப்படியாச்சும் சேத்துக் குடுங்க.”

வெளிக் குதிரை வைத்த பழைய மாடல் அது. லாக் ஒன்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள். வலது இடது கலந்து போயிருந்ததால் முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும். செய்தவர்கள் இதற்கு உதவி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். திருகின் தண்டில் அரத்தால் ஒரு சின்னக் கோடு இருந்தால் ஒரு பக்கம், கோடு இல்லையென்றால் மறுபக்கம். உறுப்பின் உள்முகத்தில் புள்ளிக் குறி இருக்கும். துரு ஏறியிருந்தால் குறி மறைந்திருக்கும். லென்ஸ் வைத்துத் தேட வேண்டும். இந்தத் தேடலிலேயே காலைப்பொழுது போனது.

லாக் தகட்டில் முதலில் குதிரையின் அச்சாக இருக்கும் டம்ப்ளர் உட்கார வேண்டும். அதில்தான் இரண்டு வெட்டுகள் உண்டு: குதிரை பாதியில் நிற்க ஒன்று, முழுதாக ஏறி நிற்க ஒன்று. அந்த வெட்டில் போய் விழும் நாக்கு, சியர். இரண்டையும் மேலிருந்து பிடித்துக்கொள்ள ஒரு பாலம், அதற்கான திருகுகள். பாலத்தின் திருகுகளைச் சமமாக இறுக்காவிட்டால் டம்ப்ளர் ஒரு பக்கமாக உரசும். இறுக்கியதும் விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். உரசாமல், ஆனால் அசைந்து கொடுக்காமலும் சுழல வேண்டும். சியரை அழுத்தும் குட்டி ஸ்பிரிங் அடுத்தது. தகட்டில் ஊசி முனை அளவுள்ள ஒரு ஓட்டையில் அதன் முளை போய் உட்கார வேண்டும். அழுத்திப் பிடித்த கொறடு சற்று நழுவினால் ஸ்பிரிங் எங்கே போய் விழுந்தது என்று தெரியாது. அதனால் இந்தக் கட்டத்தில் மேசைக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்துவிடுவோம், மின்விசிறியை நிறுத்திவிடுவோம். மதுரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் உட்காருவதும் இந்தத் தொழிலில் சேர்ந்ததுதான்.

பிறகு மெயின் ஸ்பிரிங். இரண்டு கிளையாக மடிந்த தட்டை எஃகு. லாக்கின் பலம் முழுதும் அதில் இருக்கிறது. சின்னக் கையடக்க வைஸில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும்; மாட்டுவதற்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு இழை கூட அழுத்தக் கூடாது. அதிகமாக அழுத்தினால் மடிப்பில் முறிந்துவிடும். நூறு வருஷம் வேலை செய்த எஃகு முறிவதற்கு முன்னால் எச்சரிக்கை கொடுக்காது. அழுத்திய நிலையில் அதன் கொக்கியை டம்ப்ளரில் தொங்கும் சின்ன இணைப்பில் மாட்டி, முளையைத் தகட்டின் ஓட்டையில் நுழைத்து, மேல் விளிம்பைத் தகட்டின் உதட்டுக்குள் தள்ளி, வைஸை மெதுவாகத் தளர்த்த வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும். கொக்கி மாட்டியிருக்கும், முளை விலகும். முளை உட்காரும், இணைப்பு சரிந்துவிடும். அன்றைக்கு வலது லாக் சொன்னபடி கேட்டது. இடது லாக் இருட்டும்வரை கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் பொறுமை போகும். மேஸ்திரி சொல்வார்: “ஏப்பா, இரும்புகிட்ட கோவிச்சு என்னத்தக் காணப்போற? கையக் கழுவிட்டு ஒரு டீயக் குடிச்சிட்டு வா.” அவர் சொல்லில் தொழில் இருக்கிறது. கோபம் வந்தவன் அடுத்துச் செய்வது அழுத்துவது. அழுத்தினால் முறிவது ஸ்பிரிங். வழுக்கினால் போவது விரலோ கண்ணோ. நல்ல ஆர்மரர் என்று நான் மதிக்கிற எல்லோரும் நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தத் தெரிந்தவர்கள்.

லாக் இரண்டும் சேர்ந்தபின் அவற்றைக் கட்டையில் இறக்க வேண்டும். கட்டை அக்ரூட் மரம். லாக் தகட்டின் வடிவத்துக்கு இம்மியும் பிசகாமல் செதுக்கியிருப்பார்கள். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பும். கழற்றும்போது வழுக்கிக்கொண்டு வந்த தகடு மாட்டும்போது விளிம்பில் தடுக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் கை உடனே உளிக்குப் போகும். செதுக்கக் கூடாது. கட்டையை நிழலில், காற்றோட்டத்தில் வைத்து உலரவிட வேண்டும். தை மாதம் மரம் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். செதுக்கிய மரம் மட்டும் திரும்பாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சூட்டுக்கும் லாக் ஆடும்.

மேல் நெம்புகோலுக்கு அடியில் மறைந்திருக்கும் நீளத் திருகுதான் கட்டைக்குள் மேலிருக்கும் இரும்பையும் கீழிருக்கும் விசைத் தகட்டையும் சேர்த்துப் பிடிப்பது. நெம்புகோலை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதை இறுக்க வேண்டும். பெரியவரின் துப்பாக்கியில் அந்தத் திருகையும் இறுக்கி, விசைக்காப்பையும் சுழற்றி மாட்டிவிட்டுக் குதிரையைப் பாதிக்கு ஏற்றினேன். வலது நின்றது. இடது நிற்காமல் சறுக்கியது. லாக்கை வெளியே எடுத்துப் பார்த்தால் குதிரை அருமையாக நிற்கிறது. உள்ளே வைத்தால் நிற்கவில்லை. விசையின் தட்டு சியரின் வாலைத் தொட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும், இல்லை. ஒன்று, மரம் உப்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் விசைத் தகட்டுக்குக் கீழே அழுக்கு தங்கியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். தகடு உட்காரும் பள்ளத்தின் மூலையில் பழைய எண்ணெய்க் கசடு அரிசி மணியில் பாதி அளவுக்கு ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்து, திரும்ப மாட்டியதும் இடது குதிரையும் நின்றது. துடைப்பதில் விட்ட ஒரு மூலை, மாட்டுவதில் ஒரு முழு வேலையைத் திரும்பச் செய்ய வைக்கும்.

குதிரை வெளியே தெரியாத மாடலில் சங்கடம் வேறு. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸில் வேலை பார்த்த ஆன்சன், டீலி என்ற இருவர் 1875இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. குழலை மடக்கினாலே உள்ளிருக்கும் சுத்தியல்கள் ஏறிக்கொள்ளும். இதில் வீட்டுக்காரர்களுக்கு ஒரு தொல்லை அடிக்கடி நேரும். குழலைத் தனியாகக் கழற்றித் துடைத்துவிட்டு, சும்மா கட்டையைக் கையில் பிடித்து விசையை அழுத்திப் பார்ப்பார்கள். உள்ளே சுத்தியல் இறங்கிவிடும். முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நெம்பு நாக்குகள் மேலே வந்துவிடும். அதன்பிறகு முன்கட்டை ஏறாது. பலம் கொடுத்துத் தட்டி மாட்டப் பார்த்து முன்கட்டையைப் பிளந்துவிட்டுக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அந்த நாக்குகளை மரக்கட்டையின் விளிம்பில் ஒவ்வொன்றாக அழுத்தி, ‘டிக்’ என்று இரண்டு முறை சத்தம் கேட்டபின் மாட்டினால் தானாக ஏறும். குழல் கழன்றிருக்கும்போது விசையைத் தொடாமல் இருந்தால் இந்த வேலையே இல்லை.

ஆயுதப்படையில் நான் பழகிய .303 ரைபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1907இல் வந்த மூன்றாம் மார்க் லீ என்ஃபீல்டை வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை பல்லாண்டு செய்தது. நம் நாட்டுப் போலீஸ் கையில் பல பத்தாண்டுகள் இருந்த ஆயுதம். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் அதற்கு விடை கொடுத்தது. என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ‘கோல்னா, ஜோட்னா’ பயிற்சி நினைவிருக்கும். போல்ட்டையும் மேகசினையும் கழற்றி மாட்டுவதோடு அது முடிந்துவிடும். அதற்கு மேல் கட்டையில் கைவைப்பது ஆர்மரர் வேலை.

இயந்திரத்தில் செய்த ரைபிள்தான், ஆனால் வரிசை தவறினால் அதுவும் மன்னிக்காது. பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளத் திருகின் முன்முனை சதுரமாக இருக்கும். அந்தச் சதுரம் முன்கட்டையின் பின்பக்கத்தில் உள்ள ஒரு சின்ன இரும்புத் தகட்டுக்குள் பூட்டியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டைத் திருகைத் திருகினால் சதுரம் சுழன்று முன்கட்டை மரத்தைப் பிளந்துவிடும். திரும்ப மாட்டும்போது பின்கட்டையை முதலில் இறுக்கி, சதுரத்தின் பக்கங்கள் செங்குத்தாக நிற்கும்படி விட்டால்தான் முன்கட்டை வந்து உட்காரும். நல்ல கட்டைகள் இந்த ஒரு விஷயம் தெரியாத கைகளால் பிளந்திருக்கின்றன.

சியருக்கும் மேகசின் தாழ்ப்பாளுக்கும் நடுவே ஒரே ஒரு மடிந்த ஸ்பிரிங் இருக்கும். இரண்டையும் அதுவே தள்ளும். மாட்டும்போது சியரை ஒரு விரலும் தாழ்ப்பாளை இன்னொரு விரலும் அழுத்த, நடுவே ஸ்பிரிங் நழுவாமல் இருக்க, ஓட்டைகள் நேர்பட்ட கணத்தில் திருகை நுழைக்க வேண்டும். போல்ட்டுக்குள் தோட்டாவைக் குத்தும் ஊசியைத் திருகி ஏற்றும்போது அதன் பின்முனை சுத்தியலின் பின்முகத்தோடு சமமாக வந்து நிற்க வேண்டும். ஒரு சுற்று குறைந்தாலோ கூடினாலோ முன்பக்கம் ஊசி நீட்டும் அளவு மாறிவிடும். அந்த அளவு 1 மில்லிமீட்டரும் அதற்குச் சற்று மேலும்தான். குறைந்தால் தோட்டா வெடிக்காது. கூடினால் தோட்டாவின் கேப்பைக் குத்திக் கிழித்து வாயு பின்னால் சுடுபவன் முகத்தை நோக்கி வரும். ரைபிள்களை மொத்தமாகத் துடைக்கிற நாளில் இன்னொரு கவனம் வேண்டும்: போல்ட்டின் எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்துப் போல்ட்டை ஒரே தட்டில் போட்டுக் கழுவிவிட்டுக் கைக்கு வந்ததை மாட்டினால், எல்லாம் மூடித் திறக்கத்தான் செய்யும். ஆனால் தோட்டாவுக்குப் பின்னால் இருக்க வேண்டிய இடைவெளி ரைபிளுக்கு ரைபிள் மாறும்.

உறுப்பு தொலைந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின்படி ஆயுதத்தின் உறுப்பும் ஆயுதமே. அதைப் பழுதுபார்ப்பதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும். அதனால் பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்து ஒன்றைக் கடைந்துகொள்வது குற்றம். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கவும் வழியில்லை. தனியார் துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. இஷாப்பூரில் செய்யும் புதுத் துப்பாக்கியின் உறுப்பு இதற்குப் பொருந்தாது. லைசென்ஸ் உள்ள பட்டறையில், பழைய உறுப்பின் ஜோடியைப் பார்த்துக் கையால் ராவி எடுப்பதுதான் ஒரே வழி. அந்த ராவும் கை நம் மாவட்டத்தில் குறைந்துகொண்டே வருகிறது. கற்றுக்கொள்ள வருகிற பையன்களும் இல்லை. இருக்கிற துப்பாக்கியை இருக்கிறபடி காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்லாம் சேர்ந்த பிறகும் துப்பாக்கியை உடனே கொடுத்துவிட மாட்டோம். வெற்றுத் தோட்டா போட்டுக் குதிரையை ஏற்றி இறக்கிப் பார்ப்போம். பாதி நிலையில் வைத்து விசையை அழுத்தினால் குதிரை இறங்கக் கூடாது. முழு நிலையில் வைத்து ரப்பர் விரிப்பில் கட்டையைத் தட்டினால் இறங்கக் கூடாது. ஸ்பிரிங் தராசின் கொக்கியை விசையில் மாட்டி அதன் எடையைப் பார்ப்போம். முன் விசை ஏறக்குறைய 4 பவுண்டு, பின் விசை அதற்குச் சற்று அதிகம். குழலை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குழலுக்கும் உடலின் முகப்புக்கும் நடுவே கீற்று தெரியக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் மறுபடி பல்லாங்குழிதான்.

மேலூர்ப் பெரியவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போகும்போது பேரனையும் கூட்டி வந்திருந்தார். கல்லூரிப் பையன். தலைகுனிந்து நின்றவனை உட்காரவைத்து லாக்கைத் திறந்து காட்டினேன். துடைக்க வேண்டும் என்று அவன் நினைத்தது சரிதான். எதுவரைக்கும் கழற்றலாம் என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லாததுதான் குறை. அவனுக்குச் சொன்னதையே துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்.

குழல், முன்கட்டை, பின்கட்டையோடு கூடிய உடல்: இந்த மூன்றாக மட்டும் பிரியுங்கள். திருகு எதையும் தொடாதீர்கள். பிரிப்பதற்கு முன் இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள். குழலைத் துணியால் துடைத்து மெஷின் ஆயில் ஒரு பூச்சு. சமையல் எண்ணெய் வேண்டாம். பிரிந்திருக்கும்போது விசையை அழுத்தாதீர்கள். உறைக்குள்ளேயே போட்டு மூடி வைக்காதீர்கள். உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், லைசென்ஸ் உள்ள பட்டறைக்கு எடுத்துவந்து லாக்கைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தேர்தலுக்கு ஒப்படைக்கும்போது எண்ணெய் தடவி ஒப்படையுங்கள். திரும்ப வாங்கிய வாரமே துடையுங்கள். யாராவது ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தால் தேடித்தேடி மாட்டப் பார்க்காதீர்கள். ஒரு திருகு விடாமல் பொறுக்கிக்கொண்டு அப்படியே எங்களிடம் வாருங்கள்.

கடைசியாக ஒன்று. குதிரை பாதியில் நிற்காத துப்பாக்கியைத் தோட்டா போடாமல் வைத்திருக்கிறோம், ஒன்றும் ஆகாது என்று யாரும் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். மாட்டியது சரியில்லாத துப்பாக்கி, எத்தனை பெரிய கம்பெனி செய்ததாக இருந்தாலும், வீட்டில் இருக்கக் கூடாத பொருள். அதைச் சரிசெய்து வைத்திருங்கள்; முடியாவிட்டால் சட்டப்படி ஒப்படைத்துவிடுங்கள்.